கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

எங்கள் பக்கத்தில் யாரும் "பக்கவாதம்" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. "கையும் காலும் விழுந்துட்டு சிஸ்டர்", "வாய் ஒரு பக்கமா கோணிட்டு", "காலைலேருந்து பேச்சு குழறுது, தூக்கக் கலக்கம்னு நெனச்சோம்" என்றுதான் வருவார்கள். நான் இருபத்தேழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அதில் பாதிக்கு மேல் தாமிரபரணிக் கரையோர ஊர்களில், கேஷுவாலிட்டி வேலை. ஒரு வட்டாரம் முழுக்கப் பக்கவாத சிகிச்சையை எப்படிச் சீராக்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். கிராமச் செவிலியர், 108 தம்பிமார், மருந்துக்கடை அண்ணாச்சி, சின்ன கிளினிக் நடத்துகிற டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் வாசலில் நிற்கிற சிஸ்டர் எல்லாருக்கும் இதில் வேலை இருக்கிறது.

2011 மார்கழியில் என் அப்பா விடியற்காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் கையிலிருந்து நழுவியது. எனக்கு அன்று நைட் ட்யூட்டி. தம்பி பதறிப்போய்ப் பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிரஷர் 190 இருந்ததாம். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கினார்கள், ட்ரிப் ஏற்றினார்கள், மத்தியானம் வரை பார்ப்போம் என்றார்கள். ஸ்கேன் எடுத்தது மறுநாள். அப்பா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். வலது கையால் ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிடவில்லை. "சரி", "வா" என்ற இரண்டு சொல்தான் வாயில் மிச்சம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஓடியாடித்தான் பார்த்தார்கள். ஆனால் மணி என்ன ஆகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. நர்ஸான எனக்கே அன்று போனில் "எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?" என்று கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு முழுக்க மணியைப் பற்றியே பேசுகிறேன்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபட்டால் ஒரு வகை, வெடித்துக் கசிந்தால் இன்னொரு வகை. அடைப்புதான் அதிகம். பெரிய குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கிற ஊசியை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதலில் 1995-இல் 3 மணி நேரம் என்று நிரூபித்தார்கள், 2008-இல் அது 4½ ஆக நீண்டது. பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி விட்டு, அடைத்த ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கிற சிகிச்சை உண்டு. அதற்கு 6 மணி நேரம், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை. ஆனால் நேரம் இருக்கிறதே என்று உட்காரக்கூடாது. நாலரை மணி நேரத்துக்குள்ளேயே முதல் ஒரு மணி நேரத்தில் போடுகிற ஊசிக்கும் நாலாவது மணி நேரத்தில் போடுகிற ஊசிக்கும் பலனில் பெரிய வித்தியாசம்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்.

நூறு பக்க நோட்டு போதும். ஸ்கேல் வைத்து ஏழு கட்டம் கோடு போடுங்கள். கடைசியாக நன்றாக இருந்த மணி, வீட்டில் கவனித்த மணி, போன் போட்ட மணி, வண்டி கிளம்பிய மணி, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த மணி, ஸ்கேன் எடுத்த மணி, ஊசி போட்ட மணி. பேர் வேண்டாம், ஊர் மட்டும் எழுதினால் போதும். எங்கள் நோட்டில் முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருத்தரின் வரி இப்படி இருக்கிறது: 10:20, 10:45, 11:30, 11:50, 12:40, 12:58, 1:25.

இந்த வரியை உற்றுப் பாருங்கள். மருமகள் 10:20-க்கு ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது ஆச்சி பீடி சுற்றிக்கொண்டு "மண்ணெண்ணெய் வந்திருக்கான்னு கேட்டுட்டு வா" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தபோது சொளவு மடியிலிருந்து சரிந்து, பீடி இலையும் தூளும் தரையெல்லாம் சிதறி, கத்திரி ஒரு பக்கம் கிடந்திருக்கிறது. அடுத்த முக்கால் மணி நேரம் எங்கே போனது? முகத்தில் தண்ணீர் தெளித்து, கடுங்காப்பி கொடுத்துப் பார்த்து, ஆலங்குளத்தில் வேலை பார்க்கிற மகன் வரட்டும் என்று காத்திருந்ததில் போனது. வண்டி ரோட்டில் எடுத்துக்கொண்டது 50 நிமிடம். வாசலிலிருந்து ஊசிக்கு 45 நிமிடம். வண்டி என்னவோ வேகமாகத்தான் வந்தது. வீட்டுக்கும் போனுக்கும் நடுவில், ஸ்கேனுக்கும் ஊசிக்கும் நடுவில், ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாறுகிற இடங்களில்தான் நேரம் கரைந்தது. எந்த ஊரில் நோட்டைத் திறந்தாலும் இதையேதான் பார்ப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு கைமாற்றத்தையும் தனியாக எடுத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும்.

மணியைக் கேட்கிற முறை

இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். "எப்பம் ஆச்சு?" என்று கேட்டால் "இப்பந்தான்" என்பார்கள். அந்த இப்பந்தான் அரை மணி நேரமாகவும் இருக்கலாம், ராத்திரியாகவும் இருக்கலாம். நோயாளியை இந்த நிலையில் பார்த்த நேரத்தை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில், கடைசியாக அவர் நன்றாக நடந்ததையோ பேசியதையோ யார் பார்த்தது என்று கேளுங்கள். அந்த ஆளைப் பிடியுங்கள். அப்புறம் அன்றாட அடையாளங்களோடு கட்டிக் கேளுங்கள்.

"எம்மா, மாமா காலைல எந்திச்சு நல்லாத்தான் இருந்தாவளா?"

"ஆமா சிஸ்டர், பல்லு தேச்சி கடுங்காப்பி குடிச்சாவ. அப்பம் நல்லாத்தான் இருந்தாவ."

"பால்காரர் வந்துட்டுப் போன பொறவா, அதுக்கு முந்தியா?"

"பொறவுதான். பிள்ளைய பள்ளிக்கூட வேன்ல ஏத்திவிட்டுட்டு உள்ள வந்தேன், 'எவ்வளவு நேரமாச்சு'ன்னு கேட்டாவ."

பள்ளிக்கூட வேன் 8:10-க்கு வரும். மணி கிடைத்துவிட்டது. மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் என்றால் பாங்கு சொன்ன நேரம், ரயில் பாதையோர ஊர் என்றால் செந்தூர் வண்டி போன நேரம், இல்லாவிட்டால் எந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டாலும் மணி வரும். தூங்கி எழும்போதே கை கால் வரவில்லை என்றால், படுக்கப் போன நேரம்தான் கடைசியாக நன்றாக இருந்த நேரம். நடுராத்திரி ஒன்றுக்குப் போய் வந்தாரா, அப்போது நடையில் குறை இருந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் மூன்று மணி நேரம் மிச்சமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படித் தூக்கத்தில் வந்தவர்களையும் நேரம் தாண்டியது என்று ஒதுக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு ஊசி போட முடியும்.

வீட்டில்

கண்டுபிடிப்பதற்கு மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லி ஒரு கை இறங்குகிறதா என்று பாருங்கள். "நான் நெல்லையப்பர் கோயிலுக்குப் போறேன்" என்று சொல்லச் சொல்லி நாக்கு குழறுகிறதா என்று பாருங்கள். திடீரென்று தள்ளாட்டம், ஒரு கண்ணிலோ ஒரு பக்கத்திலோ பார்வை மறைவது ஆகியவையும் இதே கணக்குதான். மூன்றில் ஒன்று இருந்தாலும் 108. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் 108தான். வந்து மறைந்த பக்கவாதத்துக்குப் பின்னால் அடுத்த இரண்டு நாளில்தான் பெரியது வருகிற ஆபத்து மிக அதிகம். "சரியாப் போச்சுல்லா, பொறவு எதுக்கு" என்று வீட்டில் உட்கார்ந்தவர்களை மறுநாள் ஸ்ட்ரெச்சரில் வாங்கியிருக்கிறேன்.

செய்யக்கூடாததையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது, காப்பியும் கூடாது, தண்ணீரும் கூடாது. மாரடைப்புக்குக் கொடுக்கிற ஆஸ்பிரின் மாத்திரையை இதற்குக் கொடுக்கக்கூடாது. ஸ்கேன் எடுக்காமல் அடைப்பா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது, கசிவில் ஆஸ்பிரின் விஷம். மருந்துக்கடை அண்ணாச்சிமாரிடம் இதை நான் நேரில் போய்ச் சொல்லுவேன், ஏனென்றால் பாதிப் பேர் முதலில் ஓடுவது அவர்கள் கடைக்குத்தான். பிரஷர் மாத்திரையை இரண்டாகப் போட்டு இறக்கவும் கூடாது. அடைபட்ட குழாயைத் தாண்டி ரத்தம் போக அந்த நேரத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

அப்புறம் புறா ரத்தம். இன்னும் நடக்கிறது. புறாவை அறுத்து விழுந்த கையில் சூட்டோடு தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்தவரை நான் துடைத்துவிட்டு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற சின்னக் குழாய்) போட்டிருக்கிறேன். அவர்களைத் திட்டாதீர்கள். பயத்தில் செய்கிறார்கள், தங்கள் பாட்டி சொன்னதைச் செய்கிறார்கள். "புறா பறந்துபோகட்டும், நீங்க வண்டில ஏறுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். ஊருக்குள் பேசும்போது, அந்தப் புறா பிடிக்கிற நேரத்தில் எத்தனை லட்சம் செல் செத்தது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கேட்கிறார்கள்.

இதையெல்லாம் வீட்டுக்கு வீடு கொண்டுபோக நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர் அக்காமார் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். எந்தத் தெருவில் யாருக்குப் பிரஷர் என்று அவர்களுக்கு மனப்பாடம். அந்த வீடுகளில்தான் அடுத்த பக்கவாதம் வரப்போகிறது. மாத்திரை கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்து டிவிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். சீட்டில் மூன்று வரி போதும்: சிரி, கையைத் தூக்கு, பேசு. 108. மணி என்ன? வண்டியில் ஏறும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும், கடைசியாக நன்றாகப் பார்த்த ஆளையும் கூட ஏற்றிவிட வேண்டும். மகன் பின்னால் பைக்கில் வரட்டும். பார்த்த மருமகள்தான் முன்னால் வர வேண்டும்.

வண்டியில், வரைபடத்தில்

108 தமிழ்நாட்டில் 2008-இல் வந்தது. அதற்கு முன்னால் வாடகை வேனுக்குக் காசு தேடிக்கொண்டிருந்த காலத்தைப் பார்த்தவள் நான். அந்தத் தம்பிமார்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், ஸ்கேன் ஓடுகிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதற்கு வட்டாரத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும். அதை மேலிருந்து யாராவது போட்டுத் தரட்டும் என்று காத்திருக்காமல் உங்கள் தாலுகாவில் நீங்களே போடலாம். எந்தெந்த இடத்தில் சிடி ஸ்கேன் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கும் அது ஓடுமா, டெக்னீஷியன் அங்கேயே தங்குகிறாரா வீட்டிலிருந்து வரவேண்டுமா, கட்டி கரைக்கிற ஊசி கையிருப்பு உண்டா, போட முடிவெடுக்கிற டாக்டர் யார், அவர் எண் என்ன. இவை எல்லாவற்றையும் போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி கேளுங்கள், ஏனென்றால் மிஷின் பழுதாகும், டாக்டர் மாறுவார்.

எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரிக்கு என்கிற கோடுகளைத் தாலுகா எல்லையை வைத்துப் போடாமல் ஓடுகிற நேரத்தை வைத்துப் போடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, நமக்கெல்லாம் "ஹைகிரவுண்டு" என்றாலே அதுதான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, மானூர்க்காரர்களுக்கு அங்கே போவது இயல்பு. ஆனால் வள்ளியூருக்கும் ராதாபுரத்துக்கும் தெற்கே இருக்கிறவர்களுக்கு நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கமாக இருக்கலாம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்தது, ரத்தக்குழாய்க்கு அது தெரியாது. கடையத்துக்காரருக்கு எது சீக்கிரமோ அங்கே போகட்டும். பகல் வழி, ராத்திரி வழி என்று இரண்டும் எழுதுங்கள். ரயில்வே கேட் இருக்கிற வழியில் எந்த வண்டி எப்போது போகும் என்று எழுதுங்கள். குற்றாலம் சீசனில் தென்காசி ரோடு, ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதிகள், இவற்றுக்கு மாற்று வழி முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சர்க்கரை பாருங்கள், ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே ஒரு பக்கம் விழும், பேச்சு குழறும். இறங்கியிருந்தால் உடனே ஏற்றிவிடலாம், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிரஷர் பாருங்கள், இறக்காதீர்கள். விழாத கையில் வென்ஃப்ளான் போடுங்கள். பிறகு போன். இந்தப் போன்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். "ஸ்ட்ரோக் கேஸ் வருது. ஆம்பள, அறுபது வயசு. கடைசியா நல்லா இருந்தது எட்டு பத்து. இடது பக்கம் விழுந்திருக்கு. சுகர் 140. பிரஷர் 170/100. இருபத்தஞ்சு நிமிஷத்துல வாசல்ல இருப்போம்." இருபது விநாடியில் சொல்லிவிடலாம். இந்தப் போன் வந்தால் உள்ளே ஸ்கேன் அறை காலியாகும். வராவிட்டால் நோயாளி வரிசையில் நிற்பார்.

ஸ்கேன் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்கு

வீட்டுக்காரர்கள் ஆட்டோவிலோ காரிலோ முதலில் உங்களிடம்தான் கொண்டுவருவார்கள். என் அப்பா மாட்டிக்கொண்ட இடம் இது. உங்களால் சிகிச்சை தர முடியாமல் போகலாம், ஆனால் நேரத்தைக் காப்பாற்ற முடியும். படுக்கை போடாதீர்கள். சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை முடிவு என்று எதற்கும் பிடித்து வைக்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், வென்ஃப்ளான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன், ஒரு சீட்டில் கடைசியாக நன்றாக இருந்த மணி. பத்து நிமிடத்தில் அவர்கள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். 108 கொண்டுவந்திருந்தால் அந்த வண்டியைப் போக விடாதீர்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்காமலே பார்த்து, அதே வண்டியில் அனுப்புங்கள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு வண்டிக்குக் காத்திருந்த வரிகள் எங்கள் நோட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாற்பது, ஐம்பது நிமிடம் போயிருக்கிறது.

ஸ்கேன் உண்டு, நரம்பியல் டாக்டர் இல்லை என்கிற ஆஸ்பத்திரிகள்தான் மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியவை. இமாச்சலப் பிரதேசத்தில் மலைக்கு நடுவே இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரிகளில், ஸ்கேன் படத்தை ஸ்மார்ட்போனில் நரம்பியல் டாக்டருக்கு அனுப்பி, அவர் சொல்லச் சொல்ல அங்கே இருக்கிற பொது மருத்துவரே ஊசி போட்டார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம், அங்கேயும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஊசி போடுகிற அரசுத் திட்டம் இருக்கிறது. நமக்கு மலை குறைவு, ரோடு நல்ல ரோடு. ஊசியை அங்கேயே போட்டுவிட்டு மேலே அனுப்புவது நம்மாலும் முடியும்.

ஊசியில் இரண்டு வகை. ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் தள்ளி, மிச்சத்தைப் பம்பில் ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் ஒரே தள்ளலில் முடிந்துவிடும், வண்டியில் ஏற்றி அனுப்ப வசதி. ஆனால் நர்ஸ்மாருக்கு ஒன்று சொல்லுகிறேன், சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள்: டெனெக்டிப்ளேஸ் மாரடைப்புக்குப் போடுகிற அளவு வேறு, மூளைக்குப் போடுகிற அளவு வேறு. மூளைக்கு ஏறக்குறைய பாதிதான். பழக்கத்தில் மாரடைப்பு அளவை எடுத்துவிட்டால் உயிர் போகும். இரண்டு பேர் சத்தமாக அளவைப் படித்துச் சரிபார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில்

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் வாசலிலிருந்து ஊசிக்கு 1998-இல் 105 நிமிடம் எடுத்தது. 2011-இல் 20 நிமிடம். புது மருந்து எதுவும் வரவில்லை. வண்டியிலிருந்து போன் வந்ததும் விவரத்தைத் தயாராக வைத்தார்கள், வந்தவரைப் படுக்கையில் போடாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஊசியை ஸ்கேன் மேசையிலேயே போட்டார்கள். இதில் எது நமக்கு முடியாது? ஓ.பி. சீட்டு போடுவதற்குக் கூட வந்தவர் ஓடட்டும், நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. ஊசிக்கு முன்னால் கட்டாயம் வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை ஒன்றுதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராகவோ ரத்தக்கசிவு நோய் உள்ளவராகவோ இல்லாவிட்டால் மற்ற முடிவுகளுக்குக் காத்திருக்க வேண்டாம். பிரஷர் 185/110-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இங்கேதான், மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்து இறக்கலாம்.

ஸ்கேன் "நார்மல்" என்று வந்தால் வீட்டுக்காரர்கள் நிம்மதி அடைவார்கள், சில இளம் டாக்டர்களும்தான். முதல் சில மணி நேரத்தில் அடைப்பு ஸ்கேனில் தெரியாமலே இருக்கலாம். கசிவு இல்லை என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். கை விழுந்து, ஸ்கேன் நார்மல் என்றால் ஊசிக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

சம்மதம் வாங்குகிற இடத்தில் பத்து நிமிடம், இருபது நிமிடம் போகும். மாமாவிடம் கேட்க வேண்டும், துபாயில் இருக்கிற மகனிடம் கேட்க வேண்டும் என்பார்கள். நான் அவர்கள் உயரத்துக்குக் குனிந்து இப்படிச் சொல்லுவேன்: "அண்ணாச்சி, மூளைக்குப் போற குழாய் அடைச்சிட்டு. கரைக்க ஊசி இருக்கு. போட்டா நிறைய பேர் பழையபடி நடக்காவ. நூறு பேருக்குப் போட்டா அஞ்சாறு பேருக்கு மூளைல ரத்தம் கசியலாம், அதுல உயிருக்கு ஆபத்தும் உண்டு. போடலைன்னா இந்தக் கை இப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். மகன்ட்ட போனைப் போடுங்க, ஸ்பீக்கர்ல வைங்க, நானே சொல்லுதேன்." ஆபத்தை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் சந்தேகப்பட்டு இன்னும் தாமதிப்பார்கள்.

ஊசி போட்ட பிறகு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அப்புறம் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை பிரஷரும் நினைவும் பார்க்க வேண்டும். பிரஷர் 180/105-க்கு மேல் போகக்கூடாது. திடீர்த் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் டாக்டரையும் ஸ்கேனையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள். மறு ஸ்கேன் வரும்வரை ஆஸ்பிரின் இல்லை.

வார்டில், நம் கையில்

ஊசி கிடைக்காதவர்கள்தான் இன்றும் அதிகம். அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று ஓரத்துப் படுக்கையில் போட்டுவிடுகிறோமே, அதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சாண்டி மிடில்டன் என்கிற நர்சிங் பேராசிரியை 19 பக்கவாத வார்டுகளில் ஓர் ஆய்வு நடத்தி, 2011-இல் வெளியிட்டார். நர்ஸ்மார் மூன்றை மட்டும் ஒழுங்காகப் பார்த்தார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அப்படிப் பார்த்த வார்டுகளில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் 42 சதவீதம். மற்ற வார்டுகளில் 58. இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஒரு டீஸ்பூன். எந்த தாலுகா ஆஸ்பத்திரியில் இவை இல்லை?

டீஸ்பூன் வேலையை விவரமாகச் சொல்லுகிறேன். ஆள் முழித்திருக்க வேண்டும், தலையணை கொடுத்து நேராக உட்கார வைக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி எச்சில் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுங்கள். உங்கள் இரண்டு விரல் அவர் தொண்டைக்குமிழ் மேல் லேசாக இருக்கட்டும், விழுங்கும்போது அது ஏறி இறங்கும். ஒரு நிமிடம் காத்திருங்கள். இருமல் வந்தாலோ, ஓரத்தில் வழிந்தாலோ நிறுத்திவிடுங்கள். "அம்மா" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி களகளவென்று கேட்டால் தண்ணீர் தப்பான வழியில் நிற்கிறது, அதுவும் தோல்விதான். மூன்று ஸ்பூன் சுத்தமாக இறங்கினால் அரை டம்ளர். அதுவும் இறங்கினால் குழைந்த சோறு. தோற்றவருக்கு வாய் வழியாக ஒன்றும் கிடையாது, மாத்திரைகூடக் கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரர் பாசத்தில் இளநீர் ஊற்றி, அது நுரையீரலுக்குப் போய், மூன்றாம் நாள் நிமோனியாவில் போனவர்கள் உண்டு. கட்டிலில் அட்டை எழுதித் தொங்கவிடுங்கள், படிக்காதவர்களுக்கு டம்ளர் படம் போட்டு மேலே கோடு கிழியுங்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் கழன்றுவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் பாருங்கள். ஒழுங்கில்லாமல் துடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இதயத்திலிருந்து கட்டி போயிருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. நாலரை மணி நேரத்துக்குள் வந்தும் ஊசி கிடைக்காதவர் ஒவ்வொருவருக்கும் நோட்டில் காரணம் எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 108 தம்பி, கிராமச் செவிலியர், தன்னார்வலர் அக்கா, ஸ்கேன் டெக்னீஷியன், டாக்டர், கேஷுவாலிட்டி சிஸ்டர் எல்லாரும் ஒரே மேசையில். பத்து வரி படித்தால் போதும். யார் தப்பு என்று கேட்காதீர்கள், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு நேரம் போனது என்று மட்டும் கேளுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த மாதம் மணியை மாற்றி எழுதுவார்கள், நோட்டு செத்துப்போகும். ஒரு மாதத்துக்கு ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள். நாங்கள் முதலில் எடுத்தது ஸ்கேனிலிருந்து ஊசி. மருந்து ஸ்டோர் அறையில் பூட்டி, சாவி இன்னொருவரிடம் இருந்தது. ஒரு வேளைக்கான மருந்து, பம்ப், சம்மதப் படிவம் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஸ்கேன் அறையிலேயே வைத்தோம். அவ்வளவுதான் செய்தது, அந்தக் கட்டம் சுருங்கியது.

வீட்டுக்குப் போனவர்களின் பேரைத் தன்னார்வலர் அக்காவிடம் அன்றே கொடுங்கள், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், பிரஷர் 140/90-க்கு மேல் இருக்க விடக்கூடாது. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் உவரிக் கருவாட்டையும் அறவே விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள், அன்று ஊறுகாய் கிடையாது என்று சொன்னால் கேட்கிறார்கள். மாத்திரை நிற்பதுதான் பெரிய ஆபத்து. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகப் போய் நாள்கணக்கில் தங்குவார்கள். அரிசி, பாத்திரம், பாய், கிடா எல்லாம் ஏற்றிக்கொண்டு மாத்திரையை வீட்டு அலமாரியில் விட்டுவிடுவார்கள். ஆடி பிறந்ததும் மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "கோயிலுக்குப் போறீயளா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரு வார மாத்திரையைத் தனிக் கவரில் போட்டு, கவர் மேலே கொட்டை எழுத்தில் பேர் எழுதிக் கொடுத்து, அரிசி மூட்டையோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.